கற்ற பாடம் மூளையில் எங்கே, எப்படி நிலைக்கிறது?

கும்பகோணத்தை அடுத்த ஓர் ஊரிலிருந்து அன்பர் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியை முதலில் சுருக்கமாகத் தந்துவிடுகிறேன். அவருடைய மகன் மிருதங்கம் பயில்கிறான். வாரநாட்கள் பள்ளியிலும் தனிப்பயிற்சியிலும் கழிந்துவிடுவதால், ஞாயிற்றுக்கிழமை நான்கு மணி நேரம் ஒரே மூச்சாகச் சாதகம் செய்கிறான். வாத்தியாரோ, நாள்தோறும் அரை மணி நேரம் வாசித்தாலே போதும், ஞாயிறு மட்டும் வாசிப்பது கையில் நிற்காது என்கிறார். அதே வீட்டில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டி, காலையில் இட்லி சாப்பிட்டதைப் பத்து மணிக்குள் மறந்துவிட்டு, இன்னும் யாரும் எதுவும் கொடுக்கவில்லையே என்கிறார். ஆனால் சிறுமியாக இருந்தபோது ஓதுவாரிடம் பாடம் கேட்ட பதிகத்தின் முதல் சொல்லை யாராவது எடுத்துக்கொடுத்தால் போதும், கடைக்காப்பு வரை பிசகாமல் பாடி முடிக்கிறார். நினைவு உண்டாகும்போது மூளைச் செல்கள் தம் இணைப்புகளை வலுப்படுத்திக்கொள்கின்றன என்று அன்பர் எங்கோ படித்திருக்கிறார். வலுப்படுத்துவது என்றால் உண்மையில் என்ன நடக்கிறது, அதைக்கொண்டு இந்த இரண்டையும் விளக்க முடியுமா, வல்லாரை கொடுத்தால் பயன் உண்டா என்பவை அவருடைய கேள்விகள்.

பெரும்பகுதியை விளக்க முடியும். ஆனால் ‘வலுப்படுதல்’ என்ற சொல்லுக்குத் துல்லியமான பொருள் கொடுத்துக்கொண்டால்தான் முடியும். இல்லாவிட்டால் அது வெறும் உபசார வார்த்தையாகவே நின்றுவிடும். ஆகவே செல்லிலிருந்தே தொடங்குகிறேன்.

வளர்ந்த மனித மூளையில் நியூரான்கள் எனப்படும் நரம்புச் செல்கள் சுமார் 8,600 கோடி இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரக்கணக்கான பிற நியூரான்களோடு தொடர்பு கொண்டிருக்கக்கூடும். ஒரு நியூரானின் நீண்ட இழையான ஆக்ஸானின் முனை, அடுத்த நியூரானின் கிளையான டென்ட்ரைட்டை நெருங்கி வந்து, தொடாமல் நின்றுவிடுகிறது. இடையில் ஏறத்தாழ 20 நானோமீட்டர் இடைவெளி. இந்தச் சந்திப்புக்கு சினாப்ஸ் என்ற பெயரை 1897இல் வழங்கியவர் சார்லஸ் ஷெரிங்டன். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்னரே, 1894இல் லண்டன் ராயல் சொசைட்டியில் ஆற்றிய உரையில், ஸ்பெயின் நாட்டு உடற்கூற்றியலாளர் சான்டியாகோ ரமோன் இ கஹால், கற்றல் என்பது புதிய செல்கள் பெருகுவதால் அன்று, இருக்கும் செல்களுக்கு இடையிலான தொடர்புகள் செழிப்பதால் நிகழ்வதாக இருக்கலாம் என்று கருத்துரைத்தார். நுண்ணோக்கியில் சாயமேற்றிய செல்களைப் பார்த்துப் பார்த்து வரைந்த ஒருவர், எந்த மின்கருவியும் கைவசம் இல்லாத காலத்தில் இவ்வளவு நெருங்கி வந்தது இன்றும் வியப்புக்குரியது.

சினாப்ஸ் வழியாகச் செய்தி கடப்பது இவ்வாறுதான். ஆக்ஸான் வழியே வரும் மின்துடிப்பு முனையை அடைந்ததும் அங்கே கால்சியம் அயனிகள் உள்ளே நுழைகின்றன. அதனால் முனையில் தயாராக இருக்கும் நுண்பைகள் செல்லின் சவ்வோடு இணைந்து திறந்து, குளூட்டமேட் என்ற வேதிப்பொருளை இடைவெளியில் கொட்டுகின்றன. எதிர்ப்பக்கச் செல்லின் மேற்பரப்பில் ஆம்பா ஏற்பிகள் என்ற புரதங்கள் இருக்கின்றன. குளூட்டமேட் வந்து ஒட்டியதும் அவை திறந்து சோடியம் அயனிகளை உள்ளே விடுகின்றன, அந்தச் செல்லின் மின்னழுத்தம் சற்று உயர்கிறது. பல சினாப்ஸ்களில் உண்டாகும் இந்தச் சிறு உயர்வுகள் கூடி ஓர் அளவைத் தாண்டினால்தான் அடுத்த செல்லும் துடிக்கும். ஆக, ஓர் இணைப்பின் வலு என்பது, இந்தப் பக்கம் ஒரு துடிப்பு வந்தால் அந்தப் பக்கம் எவ்வளவு மின்னழுத்தம் உயர்கிறது என்பதே. அதை மில்லிவோல்ட் கணக்கில் அளந்து எழுதலாம். கல்லணையில் காவிரியிலும் வெண்ணாற்றிலும் எவ்வளவு தண்ணீர் இறங்குகிறது என்பது மேலே தேங்கிநிற்கும் நீரை மட்டுமன்றி, அந்தந்தத் தலைப்பில் எத்தனை ஷட்டர்கள் தூக்கப்பட்டிருக்கின்றன என்பதையும் பொறுத்திருப்பதை நம் பகுதியினருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. சினாப்ஸில் ஆம்பா ஏற்பிகளின் எண்ணிக்கையும் திறக்கும் அளவும் அப்படிப்பட்டவை. கற்றலின்போது மாறுவதில் முக்கியமானது இதுதான்.

இனி, எந்தச் சினாப்ஸ் வலுப்பட வேண்டும் என்பதை எது தீர்மானிக்கிறது? 1949இல் கனடா நாட்டு உளவியலாளர் டொனால்ட் ஹெப் ஒரு விதியை ஊகமாக முன்வைத்தார். ஒரு செல் இன்னொரு செல்லைத் துடிக்கச் செய்வதில் திரும்பத் திரும்பப் பங்கு பெறுமானால், அந்த இரண்டுக்கும் இடையிலான தொடர்பு வலுப்பெறும் என்பது அந்த விதி. இதைச் ‘சேர்ந்து துடிப்பவை சேர்ந்து பிணையும்’ என்று சுருக்கிச் சொல்வது பிற்காலத்தில் வழக்கமாகிவிட்டது. அந்தச் சுருக்கத்தில் எனக்கு முழு உடன்பாடு இல்லை. ஹெப் சொன்னது வெறுமனே சேர்ந்து துடிப்பதை அன்று. ஒன்று மற்றொன்றைத் துடிக்க வைப்பதை. முன்னது எது, பின்னது எது என்ற வரிசை அதில் அடங்கியிருக்கிறது. 1998இல் குவோ-சியாங் பி, மு-மிங் பூ ஆகிய இருவரும் வளர்ப்பூடகத்தில் வளர்த்த நியூரான்களில் அளந்தபோது, அனுப்பும் செல் சுமார் 20 மில்லிவினாடிக்குள் முந்தித் துடித்தால் இணைப்பு வலுப்பெற்றது. அதே இடைவெளியில் பிந்தித் துடித்தால் நலிந்தது.

ஹெப்பின் ஊகத்துக்குச் செல்லளவில் முதல் உறுதியான சான்று நார்வேயின் ஆஸ்லோ நகரில் கிடைத்தது. டெரியே லோமோ என்ற இளம் ஆய்வாளர் 1966இல் கவனித்ததை, அவரும் ஆங்கிலேயரான டிம் பிளிஸ்ஸும் சேர்ந்து விரிவாக ஆராய்ந்து 1973இல் வெளியிட்டார்கள். மயக்கநிலையில் இருந்த முயல்களின் மூளையில், நினைவு பதிவதில் முக்கியப் பங்கு கொண்ட ஹிப்போகேம்பஸ் என்ற பகுதிக்குள் செல்லும் நரம்பிழைக் கற்றையை ஒரு மின்முனையால் தூண்டி, எதிர்ப்பக்கத்தில் எழும் அழுத்தத்தை இன்னொன்றால் அளந்தார்கள். பிறகு வினாடிக்கு 100 துடிப்புகள் என்ற வேகத்தில் மூன்று, நான்கு வினாடிகள் மட்டும் தூண்டினார்கள். அல்லது வினாடிக்கு 10 முதல் 20 துடிப்புகளாகச் சற்று நீண்ட நேரம் தூண்டினார்கள். அதற்குப் பின் பழைய ஒற்றைத் துடிப்பையே கொடுத்துப் பார்த்தால், எதிர்ப்பக்கத்து விளைவு முன்னைவிடப் பெரிதாக இருந்தது. அரை மணி முதல் பத்து மணி நேரம் வரை அப்படியே நீடித்தது. சில வினாடிகள் நடந்த ஒன்றின் தடம் மணிக்கணக்கில் நிற்கிறது. நீண்டகால வலுவூட்டம் என்று இப்போது பாடநூல்களில் படிப்பது இதைத்தான்.

இந்தச் சோதனைக்கு உள்ளே ஒளிந்திருந்த பொறியமைப்பு 1980களில் வெளிப்பட்டது, நான் கற்பித்த காலம் முழுவதும் மாணவர்களிடம் அதிக நேரம் எடுத்துச் சொன்ன பகுதியும் இதுதான். எதிர்ப்பக்கச் செல்லில் ஆம்பா ஏற்பிகளின் அருகிலேயே என்.எம்.டி.ஏ. ஏற்பி என்ற இன்னொரு வகை இருக்கிறது. குளூட்டமேட் வந்து ஒட்டினால் மட்டும் அதன் வழியாக எதுவும் போகாது, ஏனெனில் அதன் துளைக்குள் ஒரு மக்னீசியம் அயனி அடைத்துக்கொண்டு நிற்கிறது. அந்தச் செல்லின் மின்னழுத்தம் ஏற்கனவே போதிய அளவு உயர்ந்திருந்தால்தான் மக்னீசியம் வெளியே தள்ளப்படும். அதாவது இரண்டு நிபந்தனைகளும் ஒரே சமயத்தில் நிறைவேற வேண்டும்: அனுப்பும் செல் குளூட்டமேட்டைக் கொட்டியிருக்க வேண்டும், பெறும் செல்லும் விழித்திருக்க வேண்டும். மக்னீசியத்தின் இந்தப் பங்கை 1984இல் பிரான்சிலும் அமெரிக்காவிலும் இரு குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. ஹெப் எழுதிய விதியை ஒரே ஒரு புரத மூலக்கூறு அப்படியே நிறைவேற்றிக்கொண்டிருப்பது அதன் பின்னரே தெரிந்தது.

பையனின் மிருதங்கத்தையே எடுத்துக்கொள்வோம். வாத்தியார் ‘தா தீ தொம் நம்’ என்று சொல்லும்போது, ‘தொம்’ என்ற ஓசையைக் கேட்கும் செல்களும், இடக்கையை மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் போடச் செய்யும் செல்களும் அடுத்தடுத்துத் துடிக்கின்றன. ஆரம்பத்தில் அந்த ஓசைமட்டும் கையை அசைக்கப் போதாது. பார்த்து, யோசித்து, முயன்று கையைப் போட வேண்டியிருக்கிறது. அந்த முயற்சியால் பெறும் செல் ஏற்கனவே உயர்ந்த நிலையில் இருக்கும்போது ஓசையின் துடிப்பும் வந்து சேர்ந்தால், அந்தத் துடிப்பு வந்த சினாப்ஸ் மட்டும் வலுப்பெறும். அதே செல்லில் அப்போது சும்மா இருந்த மற்ற ஆயிரக்கணக்கான சினாப்ஸ்கள் மாறுவதில்லை. நாளடைவில் ‘தொம்’ என்று வாத்தியார் வாயெடுத்ததும், பேருந்தில் உட்கார்ந்திருந்தாலும், அவன் இடக்கை தொடையில் தானாக விழும். இதை நான் மிகவும் எளிமைப்படுத்திச் சொல்லியிருக்கிறேன் என்பதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். கைத்திறன் கற்பதில் சிறுமூளைக்கும் மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள முடிச்சுகளுக்கும் பெரும் பங்கு உண்டு, அங்கே வேறு விதிகளும் செயல்படுகின்றன.

மக்னீசியம் நகர்ந்ததும் என்.எம்.டி.ஏ. ஏற்பி வழியாகக் கால்சியம் உள்ளே பாய்கிறது. அது பல நொதிகளைத் தூண்டுகிறது. அவற்றில் தலையாயது கால்சியம்-கால்மோடுலின் கைனேஸ் 2. இந்த நொதி, இருக்கும் ஆம்பா ஏற்பிகளில் பாஸ்பேட் குழுவைச் சேர்த்து அவற்றின் வழியே கூடுதல் மின்னோட்டம் செல்லச் செய்கிறது. சேமிப்பில் இருக்கும் ஏற்பிகள் மேற்பரப்புக்கு வந்து சினாப்ஸில் நிலைகொள்ளவும் துணைசெய்கிறது. சினாப்ஸ் அமர்ந்திருக்கும் டென்ட்ரைட்டின் சிறு முள் போன்ற புடைப்பும் பெருக்கிறது. இவை எல்லாம் நிமிடங்களுக்குள் நடப்பவை. இதற்குப் புதிய புரதம் எதுவும் தேவையில்லை, கையிருப்பே போதும். அதனாலேயே இது நிலையானதும் அன்று.

இந்த வலுவூட்டம்தான் நினைவு என்பதற்கு என்ன சான்று என்று கேட்பது நியாயம். மூளையில் இரண்டும் அருகருகே நடக்கலாம், ஒன்றால் மற்றொன்று நடக்க வேண்டியதில்லை. 1986இல் ஸ்காட்லாந்தில் ரிச்சர்ட் மோரிஸ் குழுவினர் எலிகளின் மூளையில் என்.எம்.டி.ஏ. ஏற்பியை அடைக்கும் மருந்தைச் செலுத்தினார்கள். கலங்கிய நீர்த்தொட்டியில் மறைந்திருக்கும் மேடையின் இடத்தை நினைவு வைத்துக்கொள்ள அந்த எலிகளால் இயலவில்லை. 2014இல் கலிபோர்னியாவில் ராபர்ட்டோ மலினோவின் குழு இன்னும் துணிந்து சென்றது. எலியின் மூளையில் அச்சத்துக்குரிய பகுதியான அமிக்டலாவுக்குச் செல்லும் இழைகளை ஒளியால் தூண்டி, அதனுடன் மின்னதிர்ச்சியை இணைத்து அச்ச நினைவை உண்டாக்கினார்கள். அதே சினாப்ஸ்களை நலிவிக்கும் முறையில் ஒளி கொடுத்தபோது எலியின் அச்சம் மறைந்தது. வலுவூட்டும் முறையில் மீண்டும் கொடுத்தபோது அச்சம் திரும்பியது. என் மதிப்பில், இத்துறையில் மிகத் தெளிவான சோதனைகளுள் இதுவும் ஒன்று.

நிமிடங்கள் நிற்பது எப்படி ஆண்டுகள் நிற்பதாகிறது என்பதற்கு வழிகாட்டியது ஏப்லிசியா என்ற கடல் நத்தை. அதற்கு ஏறத்தாழ 20,000 நியூரான்களே உண்டு, சில வெறுங்கண்ணுக்கே தெரியும் அளவு பெரியவை. அமெரிக்காவில் எரிக் கேண்டல் அதன் செவுள் சுருங்கும் அனிச்சைச் செயலைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தார். 2000ஆம் ஆண்டு நோபல் பரிசை ஆர்விட் கார்ல்சன், பால் கிரீன்கார்ட் ஆகியோருடன் பகிர்ந்துகொண்டார். நத்தையின் வாலில் ஒரு முறை அதிர்ச்சி கொடுத்தால் அனிச்சைச் செயல் சில நிமிடங்களுக்கு மட்டும் கூர்மையாகிறது. இடைவெளி விட்டுப் பலமுறை கொடுத்தால் நாட்கணக்கில் கூர்மையாக இருக்கிறது. அப்படிப் பலமுறை கொடுக்கும்போது செய்தி செல்லின் உட்கரு வரை சென்று, கிரெப் என்ற புரதத்தின் வழியாக மரபணுக்களை இயங்கவைத்து, புதிய புரதங்களை உற்பத்தி செய்யச் சொல்கிறது. அவற்றைக்கொண்டு புதிய சினாப்ஸ்களே கட்டப்படுகின்றன. நீண்டகாலம் பழகிய நத்தைகளில் உணர்வு நியூரானின் முனைகள் ஏறத்தாழ இருமடங்காயிருந்தன. புரத உற்பத்தியைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தால் குறுகியகால நினைவு பாதிக்கப்படுவதில்லை, நீண்டகால நினைவு உருவாவதே இல்லை. குறுகியகால நினைவையே நீட்டிக்கொண்டுபோனால் நீண்டகால நினைவாகிவிடும் என்ற எண்ணம் இதனால் அடிபட்டுப்போகிறது. பின்னது வேறு வேலை. அதற்குப் பொருளும் நேரமும் தேவை.

ஞாயிற்றுக்கிழமைச் சாதகத்துக்கு இப்போது வரலாம். 2012இல் கலிபோர்னியாவின் இர்வைன் நகரில் எலி ஹிப்போகேம்பஸின் மெல்லிய சீவல்களில் ஒரு சோதனை நடந்தது. ஒரு முறை வலுவூட்டிய பின் பத்து நிமிடமோ அரை மணி நேரமோ கழித்து மறுபடியும் தூண்டினால் கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இடைவெளி விட்டுத் தூண்டியபோதோ, முதல் முறை ஒதுங்கி நின்ற சினாப்ஸ்களும் சேர்ந்துகொள்ள, வலு மேலும் கூடியது. தூண்டப்பட்ட சினாப்ஸுக்கு மறு தூண்டலை ஏற்கும் நிலைக்கு வரவே கால அவகாசம் வேண்டியிருக்கிறது. ஆகவே தொடர்ந்து நான்கு மணி நேரம் வாசிப்பதில், முதல் பகுதிக்குப் பின் செலவிடும் உழைப்பின் பெரும்பங்கு விரலுக்கு வலிமை சேர்க்கலாம், நினைவுக்கு அதே விகிதத்தில் சேர்ப்பதில்லை. இடைவெளி விட்டுக் கற்பது மேல் என்பதைத் தன்னையே சோதித்துப் பார்த்த எர்மன் எபிங்காஸ் என்ற ஜெர்மானியர் 1885இலேயே பதிவு செய்திருக்கிறார். காரணந்தான் நூறாண்டுக்கும் மேல் கழித்துக் கிடைத்தது. உறக்கமும் இதில் சேர்கிறது. சுழலும் உருளையில் ஓடப் பழகிய சுண்டெலிகள் பழகிய பின் தூங்கியபோது உடலசைவை இயக்கும் மூளை மேலடுக்கான அவற்றின் இயக்கப் புறணியில் புதிய டென்ட்ரைட் முட்கள் அதிகம் முளைத்தன என்று நியூயார்க்கில் ஒரு குழு 2014இல் காட்டியது. தூங்கவிடாமல் வைத்த எலிகளில் அவ்வளவு முளைக்கவில்லை. தினம் அரை மணி வாசிக்கும் பையனுக்கு வாரத்தில் ஏழு இரவுகள் அமைகின்றன, ஞாயிறு மட்டும் வாசிப்பவனுக்கு ஒன்று. வாத்தியார் சொல்வதுதான் சரி. ஒன்றை மட்டும் அவர் சார்பில் சேர்த்துச் சொல்வேன்: தவறாகக் கையைப் போட்டுப் பழகினால் அந்த இணைப்பும் இதே முறையில்தான் வலுப்பெறும். யாரும் திருத்தாமல் நான்கு மணி நேரம் வாசிப்பதில் இருக்கும் ஆபத்து அதுதான்.

பாட்டியின் நிலையைப் புரிந்துகொள்ள, மருத்துவ வரலாற்றில் பெயர்பெற்ற ஒருவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அமெரிக்கரான ஹென்றி மொலைசனுக்கு 1953இல், அடங்காத வலிப்புக்காக, இருபக்க ஹிப்போகேம்பஸின் பெரும்பகுதியையும் அதைச் சூழ்ந்த திசுக்களையும் அறுவை செய்து எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது, ஆனால் அதற்குப் பின் அவர் வாழ்ந்த 55 ஆண்டுகளில் நடந்தவற்றைப் பற்றி அவரால் புதிய நினைவுகளை ஏறக்குறைய உருவாக்கவே முடியவில்லை. சிறுவயது நினைவுகள் இருந்தன. உளவியலாளர் பிரெண்டா மில்னர், கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்தபடி நட்சத்திர வடிவின் கோட்டை ஒட்டி வரையும் பயிற்சியை அவருக்கு மூன்று நாட்கள் கொடுத்தார். நாளுக்கு நாள் அவர் கை தேர்ந்தது, ஆனால் ஒவ்வொரு நாளும் அப்படி ஒரு பயிற்சியைச் செய்ததே இல்லை என்றார். அன்றாட நிகழ்ச்சிகளின் நினைவு ஹிப்போகேம்பஸைச் சார்ந்து தொடங்கி, மாதங்களும் ஆண்டுகளும் கழியக் கழியப் பெருமூளைப் புறணியின் பரந்த இணைப்புகளில் வேரூன்றுகிறது என்பதும், கைத்திறனும் வாய்ப்பழக்கமும் வேறு பகுதிகளில் அமைகின்றன என்பதும் இவ்வாறுதான் தெளிவாயின.

பாட்டி காலை இட்லியை மறப்பது, இன்றைய நிகழ்ச்சி ஹிப்போகேம்பஸில் பதியாமல் போவதால் இருக்கலாம். பதிகமோ எழுபது ஆண்டுகளாகத் திரும்பத் திரும்பப் பாடப்பட்டு, ஓசையும் தாளமும் நாவசைவும் ஒன்றையொன்று இழுத்துவரும் வகையில் புறணியிலும் பிற பகுதிகளிலும் பரவி நிற்கிறது. ஒரு சொல் கிடைத்தால் மற்றவை தொடர்ந்து வருவது அதனால்தான். ஆனால் அவர் பதிகம் பாடுவதை வைத்து நினைவு நன்றாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிட வேண்டாம். ஆல்சைமர் நோயில் முதலில் பழுதடைவன ஹிப்போகேம்பஸும் அதற்கு வாசலாக அமைந்த புறணிப் பகுதியுமே. இதைச் சொல்வது அச்சுறுத்துவதற்காக அன்று: தைராய்டு குறைபாடு, பி12 வைட்டமின் குறைபாடு, சில தூக்க மாத்திரைகள், மனச்சோர்வு, காது மந்தம் ஆகியவையும் இதே தோற்றத்தைத் தரும், இவற்றில் பெரும்பாலானவற்றைச் சரிசெய்யலாம். வயதாகிவிட்டது, அப்படித்தான் இருக்கும் என்று விடாமல், அவர் உட்கொள்ளும் எல்லா மாத்திரைகளையும் கையோடு எடுத்துக்கொண்டு ஒரு நரம்பியல் மருத்துவரையோ முதியோர் மருத்துவரையோ பார்ப்பது அவசியம்.

இணைப்புகள் வலுப்பெற்றுக்கொண்டே போனால் எல்லாம் நிறைந்து, புதிதாகப் பதிய இடமில்லாமல் போகும். எனவே நலிவதும் ஒழுங்காக நடக்கிறது. 1992இல் செரினா டூடெக்கும் மார்க் பியரும் ஹிப்போகேம்பஸ் சீவல்களில் வினாடிக்கு ஒரு துடிப்பு என்ற மெதுவான கதியில் 900 துடிப்புகளைக் கொடுத்தபோது இணைப்புகள் நிலையாக நலிந்தன. இங்கும் அதே என்.எம்.டி.ஏ. ஏற்பி, அதே கால்சியம்தான்; கால்சியம் திடீரென மிகுதியாகப் பாய்ந்தால் ஏற்பிகள் மேலே வருகின்றன, சிறுகச் சிறுகக் கசிந்தால் உள்ளே எடுத்துக்கொள்ளப்படுகின்றன. மறதி முழுவதையும் பழுது என்று கருதக்கூடாது என்பதற்கு இது ஒரு காரணம்.

வல்லாரை பற்றி. வாய்க்கால் ஓரத்திலும் ஈரவரப்பிலும் தானே படரும் அந்தக் கீரையில் உள்ள சில சேர்மங்கள் ஆய்வக விலங்குகளின் நியூரான்களில் விளைவு காட்டியிருக்கின்றன என்பது உண்மை. மனிதர்களிடம் நடந்த சோதனைகளைத் தொகுத்துப் பார்த்தபோது நினைவாற்றல் தெளிவாகக் கூடியதாகத் தெரியவில்லை. துவையலாகவோ கூட்டாகவோ செய்து பையனுக்கும் பாட்டிக்கும் கொடுங்கள், கீரை என்ற அளவில் நல்லதே. ஆனால் அதை மாத்திரையாக அடைத்து, நினைவாற்றலைப் பெருக்கும் என்று சொல்லி விற்பதை வாங்க வேண்டிய தேவை இல்லை. பாட்டி ஏற்கனவே வேறு மருந்துகள் எடுத்துக்கொண்டிருந்தால், மருத்துவரைக் கேட்காமல் அதைக் கொடுக்கவும் கூடாது.